சலிவனும் உருளைக்கிழங்கும்

சென்னை மயிலாப்பூரிலுள்ள தண்ணீர்த்துறைச் சந்தை பெயர்பெற்ற காய்கறி அங்காடியாகும். அங்கும், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளின் கடைகளிலும், காய்கறிகளை இரு கூறாகப் பிரித்துப் பேசும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. கத்தரி, வெண்டை, அவரை, புடல், வாழை, சேனை ஆகியவை நாட்டுக் காய். உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், முட்டைக்கோசு, நூல்கோல் ஆகியவை இங்கிலீஷ் காய். முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் இங்கிலீஷ் காய்கள் பல வீடுகளில் அடுப்பேறுவதில்லை. அதே நாளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இலையில் இடம்பெறும் வீடுகளோ பல உண்டு. இது நகைப்பிற்கு உரியது. சர்க்கரைவள்ளியும் உருளைக்கிழங்கும் ஆகிய இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. இரண்டும் ஐரோப்பியரின் கப்பல்களிலே கீழ்நாடுகளுக்கு வந்தவை. அவ்வாறிருக்க, ஒன்று நாட்டுக் காயாகவும் மற்றொன்று இங்கிலீஷ் காயாகவும் ஆனது எவ்வாறு?

சர்க்கரைவள்ளி நம் சமவெளியின் வெயிலில் எளிதாக வேரூன்றி, ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. உருளைக்கிழங்கோ தமிழ்நாட்டிலே குளிர்ந்த மலையைத் தேடிப் போய் அங்கே நிலைகொண்டது. அதனை அம்மலையில் பயிராக்கும் முயற்சியைத் தொடங்கி வைத்தவர் ஜான் சலிவன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய வரலாற்றை அறியுமுன், கிழங்கின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் ஜான் ஜெரார்டு என்னும் மூலிகை நூலாசிரியர் வாழ்ந்தார். அவர் எழுதிய பெருநூல் 1597ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலண்டன் வணிகர் கூடத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை விலைக்கு வாங்கித் தம் தோட்டத்தில் நட்ட செய்தியை அவர் அந்நூலில் குறித்துள்ளார். கோடைக்காலம் முழுதும் கொடிகள் தழைத்தன. குளிர்காலம் வந்ததும் அவை அழுகி மடிந்தன. இதில் வியப்பில்லை. சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை, சேம்பு ஆகிய வெப்ப நாட்டுக் கிழங்குகளுக்குப் பல மாதம் இடைவிடாத வெம்மை வேண்டும். வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சர்க்கரைவள்ளி நலியும். உறைபனி பட்டால் கருகிவிடும்.

அதே தோட்டத்தில் ஜெரார்டு உருளைக்கிழங்கையும் வளர்த்தார். அது செழித்தது. ஆனால் அதுவும் வெப்ப மண்டலத்தில் பிறந்த கிழங்கே என்பதை நாம் மறத்தல் ஆகாது. தென்னமெரிக்காவில், பெரு, பொலிவியா என்னும் நாடுகளில், ஆண்டீசு மலைத்தொடர் வானளாவி நிற்கிறது. அங்கே கடல் மட்டத்திற்கு 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மக்கள் உருளைக்கிழங்கைப் பயிரிட்டனர். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாதலின் அங்கே பகலும் இரவும் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 12 மணி நேரமே. உயர்ந்த மலையாதலின் குளிரும் மிகுதி. பகலின் அளவில் வெப்ப நாடு, காற்றின் தன்மையில் குளிர்நாடு. இவ்வாறு இருவேறு இயல்பு கலந்த இடத்தில் அச்செடி தோன்றியது.

ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். செவில்லா நகரத்து மருத்துவமனைக் கணக்கேட்டில் 1573ஆம் ஆண்டிலேயே உருளைக்கிழங்கு வாங்கிய குறிப்பு காணப்படுகிறது. ஆயினும், வட ஐரோப்பாவில் அது உடனே பயன் தரவில்லை. அங்கே கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும். குறும்பகலுக்குப் பழகிய செடியோ, பகல் சுருங்கிய பிறகே மண்ணுக்கடியில் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குள் உறைபனி வந்துவிடும். நீண்ட பகலிலும் கிழங்கு கட்டும் செடிகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விதையையே காத்து வந்தனர். இவ்வாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகே உருளைக்கிழங்கு ஐரோப்பிய ஏழைமக்களின் உணவாயிற்று. ஜான் சலிவன் பிறந்த காலத்தில் அது இங்கிலாந்தின் எளிய இல்லங்களிலும் வேகும் பொருளாகிவிட்டது.

சலிவன் 1788ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பதின்வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் ஆங்கிலச் சிறுவர்கள் இவ்வாறு கடல்கடந்து வருதல் புதுமையன்று. வந்தவருள் பலர் வெப்ப நோயாலும் பேதியாலும் இளமையிலேயே மாண்டனர். பிழைத்தவர் பதவியில் உயர்ந்தனர். சலிவன் பிழைத்தார், உயர்ந்தார், கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டர் ஆனார்.

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே நோக்குவார்க்கு நீலமலைகள் மதில்போல் எழுந்து தோன்றும். அவற்றின் அடிவாரத்தில் கொடிய காட்டுக் காய்ச்சல் உலவியது. அதனால் கம்பெனி அதிகாரிகள் மேலேற அஞ்சினர். 1603ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஒருவர் மலைமேல் சென்று வந்திருந்தார். 1812ஆம் ஆண்டில் நில அளவையாளர் இருவர் ஒரு பகுதியைக் கண்டு மீண்டனர். 1818ஆம் ஆண்டில் சலிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் ஏறினர். புகையிலை கடத்துவோரைத் துரத்திக்கொண்டு அவர்கள் ஏறினர் என்பது செவிவழிச் செய்தி. வேட்டைக்கே சென்றனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவர்கள் கூறிய செய்தி சலிவனின் நெஞ்சைக் கவர்ந்தது. மேலே காய்ச்சல் இல்லை என்றும், புல்வெளியும் சோலையும் நீரோடையும் நிறைந்த குளிர்நாடு ஒன்று இருக்கிறது என்றும் அவர்கள் கூறினர்.

1819ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சலிவன் தாமே மலையேறினார். பாதை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. பாறைகளைப் பற்றியும் புதர்களை வெட்டியும் அவரும் உடன்சென்றவர்களும் பல நாள் ஏறிக் கோத்தகிரிப் பகுதியை அடைந்தனர். அங்கே கண்ட நாட்டைச் சுவிட்சர்லாந்து தேசத்தோடு ஒப்பிட்டுத் தாமஸ் மன்றோவிற்கு அவர் மடல் எழுதினார். அவ்வாண்டிலேயே அவர் மீண்டும் மலையேறியபோது, லெஷெனோ என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளரையும் உடன் அழைத்துச் சென்றார். நோயால் மெலிந்திருந்த லெஷெனோ மலைக்காற்றில் சில நாளிலேயே உடல் தேறினார். கம்பெனிப் படையின் நோயாளிகளுக்கு ஏற்ற இடம் இதுவே என்னும் எண்ணம் சலிவனுக்கு இதனால் உறுதிப்பட்டது.

மாணவர்களே, இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தியுங்கள். நீலகிரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகையளவில் இருக்கிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. கோட்டுக் கணக்கை மட்டும் நோக்கினால் நீலகிரிதான் சென்னையினும் வெப்பமாக இருத்தல் வேண்டும். ஆனால் ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலின் அங்கே வெப்பம் கடற்கரையைவிடப் பதினான்கு பாகையளவு குறைவு. உருளைக்கிழங்கு இரவுக் குளிரையே பெரிதும் வேண்டுவது. இரவின் வெப்பம் 20 பாகைக்கு மேற்பட்டால், செடி இலையும் தண்டுமாகத் தழைக்குமேயன்றிக் கிழங்கு கட்டுதல் குன்றும். சென்னையிலோ மார்கழி, தை மாதத்து இரவுகளே அவ்வெல்லையை ஒட்டி நிற்பன. மயிலாப்பூர்த் தோட்டத்தில் எவ்வளவு உரமிட்டாலும் பயன் சிறிதே. உதகையின் இரவுகளோ ஆண்டு முழுதும் குளிர்ந்தவை. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக, குளிரும் உடையதாக அமைந்த அம்மலை, உருளைக்கிழங்கின் பிறந்தகத்தை ஒத்தது. சலிவன் இந்த அறிவியலை அறிந்திருக்க வழியில்லை. காற்று தம் நாட்டுக் காற்றுப்போல் இருத்தலின் தம் நாட்டுப் பயிரும் வளரும் என்பதே அவர் எண்ணம். எண்ணத்திற்கு அவர் கண்ட காரணம் பாதியே எனினும் முடிவு பலித்தது.

கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் அவர் முதலில் வீடு கட்டினார். 1820ஆம் ஆண்டில் ஹென்றியட்டா என்னும் மங்கையை மணந்தார். நீலகிரியில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே. பின்னர் உதகைப் பள்ளத்தாக்கைக் கண்ட சலிவன் அதன் அழகில் ஈடுபட்டு, அங்கே 1822ஆம் ஆண்டில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மலைவாழ் மக்கள் அதனைக் கல் பங்களா என்றனர். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மெக்பெர்சன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் பாதை அமைக்கப்பட்டது. உதகையின் சதுப்பு நிலத்தோடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரி ஒன்றும் உருவாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பயண நூல்கள் விரிவாகக் கூறும். நாம் தோட்டத்திற்குச் செல்வோம்.

ஜான்ஸ்டன் என்னும் தோட்டக்காரரைச் சலிவன் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். விதைகளும் நாற்றுகளும் கிழங்குகளும் கடல்வழியாக வந்தன. அக்காலக் கடற்பயணம் பல மாதங்களைக் கொள்வது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்து வருதல் வேண்டும். கப்பலின் அடித்தட்டு வெம்மையில் கிழங்கு முளைத்தும் அழுகியும் போகும். தப்பி வந்தவற்றைச் சென்னையிலிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டியிலும், அங்கிருந்து மேலே ஆள்தலையிலும் கொண்டு செல்ல வேண்டும். அவ்வாறு வந்து சேர்ந்த உருளைக்கிழங்கும், முட்டைக்கோசும், டர்னிப் என்னும் கிழங்கும், பிற காய்களும் சலிவனின் தோட்டத்தில் செழித்தன. ஆப்பிள், பீச்சு முதலிய பழமரங்களும், ஓக் மரமும் நடப்பட்டன.

வெள்ளையர் ஒருவர் தம் தோட்டத்தில் தம் உணவுக்காகச் சில காய்களை விளைத்தார் என்பதோடு செய்தி முடிந்திருக்குமாயின், அதனை நாம் இன்று படிக்க வேண்டுவதில்லை. உருளைக்கிழங்கு தோட்டவேலியைத் தாண்டியது. நீலகிரியின் உழவர்களான படகர்கள் சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி முதலியவற்றை நெடுங்காலமாக விளைத்து வந்தவர்கள். புதிய கிழங்கை அவர்கள் ஆராய்ந்து பார்த்தனர். தம் நிலத்திற்கும் மழைக்கும் ஏற்றவாறு அதனைப் பயிரிடும் முறையைத் தாமே வகுத்துக்கொண்டனர். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என ஆண்டில் மூன்று பருவங்களில் அவர்கள் விளைவெடுக்கலாயினர். சரிவான நிலத்தில் மண் அரிப்பு எவ்வாறு நேரும், எந்தப் பள்ளத்தில் மார்கழிப் பனி விழும், எந்த மேடு அதற்குத் தப்பும் என்பவை அவர்கள் அறிந்த கலை. இங்கிலாந்திலிருந்து வந்த தோட்டக்காரர்க்கு அவ்வறிவு ஏது? பின்னர்க் கவர்னர் ஒருவர் கேத்திப் பள்ளத்தாக்கில் அரசுச் செலவில் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை நிறுவினார். அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. படகர் வயலிலோ பயிர் நின்றது. இங்கிலீஷ் காய் என்று சென்னையில் வழங்கும் பெயர் முற்றும் பொருந்தாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, சலிவன் வாழ்வின் கடினமான பகுதிக்கு வருவோம். அப்புதிய பயிர்கள் முளைத்த நிலம் யாருடையது?

உதகைப் புல்வெளிகளில் தோடர்கள் தொன்றுதொட்டு எருமை மேய்த்து வாழ்ந்தனர். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மந்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். தோடர்கள் உழுவதில்லை, பாலும் நெய்யுமே அவர்கள் செல்வம். படகர்கள் தம் விளைவில் ஒரு பகுதியை அவர்களுக்கு அளித்து வந்தனர். அதனைத் தோடர்கள் நிலத்தின் உடைமைக்கு அடையாளமாகக் கருதினர். சலிவன் கல்வீட்டிற்கான நிலத்தைத் தோடரிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் பெற்றார் என்று கூறுவர். விலை மிகக் குறைவு என்பது உண்மை. அவர் மலையில் பெருநிலம் கைக்கொண்டார் என்பதும் உண்மை. ஆயினும், விலை கொடுத்து வாங்கியதனாலேயே விற்றவர் உடைமையாளர் என்பதை அவர் ஒப்புக்கொண்டவர் ஆகிறார். இதனை அவர் பின்னும் மறுக்கவில்லை.

அவருடைய பயிர் முயற்சியும் குடியேற்றமும் வெற்றி பெற்றதே தோடர்க்குக் கேடாயிற்று. குளிர்காற்றைத் தேடி ஐரோப்பியர் மேன்மேலும் வந்தனர். வீடுகள் எழுந்தன, வேலிகள் எழுந்தன, எருமை மேய்ந்த இடம் சுருங்கியது. அப்போது அரசின்முன் ஒரு வழக்கு எழுந்தது. தோடர்கள் நிலத்திற்கு உரியவர்களா? அல்லது மேய்ச்சல் உரிமை மட்டுமே உடையவர்களா? அவர்கள் முழு உரிமையாளர்களே என்றும், அவர்கள் இசைவும் ஈடும் இன்றி நிலத்தை எடுத்தல் நீதியன்று என்றும் சலிவன் வாதாடினார். மலையில் குடியேற்றத்தைத் தொடங்கியவரே மலைவாழ்நர்க்காகப் பேசியது அரசினர்க்கு விந்தையாக இருந்தது; சிலருக்கு ஐயத்தையும் விளைத்தது. தம்முடைய நிலத்தைக் காத்துக்கொள்ளவே அவர் இவ்வாறு வாதாடுகிறார் என்று பகைவர் கூறினர். அவ்வையத்திற்கு அவர் இடங்கொடுத்திருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தோடர் பக்கமாக அவர் கொண்ட நிலை, அவர் நிலத்தைவிட்டு நீங்கிய பின்னும் மாறவில்லை. ஆதலின் அதனைத் தன்னலம் என்று ஒதுக்குதல் பொருந்தாது.

கவர்னர் தாமஸ் மன்றோ இருந்தவரை சலிவனுக்கு ஆதரவு இருந்தது. மன்றோ 1826ஆம் ஆண்டில் உதகைக்கு வந்து சலிவனின் விருந்தினராகத் தங்கினார். அடுத்த ஆண்டிலேயே மன்றோ வாந்திபேதி நோயால் காலமானார். சென்னைத் தீவுத்திடலை அடுத்துக் குதிரைமேல் வீற்றிருக்கும் அவர் சிலையைப் பலரும் கண்டிருப்பர். அவருக்குப்பின் ஸ்டீபன் லஷிங்டன் கவர்னர் ஆனார். லஷிங்டனும் உதகையை விரும்பினார்; ஆனால் அதனைத் தம் விருப்பப்படி வளர்க்க நினைத்தார். உதகையின் ஆட்சி படை அதிகாரி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1830ஆம் ஆண்டில் நீலகிரியின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலையாள மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் தாம் வளர்த்த ஊரின்மேல் சலிவனுக்கு எவ்வித அதிகாரமும் இல்லாமற் போயிற்று. அவர் விடுப்புப் பெற்று இங்கிலாந்துக்குச் சென்றார்.

சில ஆண்டுகளுக்குப்பின் மீண்டு வந்து, சென்னையில் வருவாய் வாரியத்தின் உறுப்பினராகவும், பின்னர்க் கவர்னரின் ஆலோசனை சபை உறுப்பினராகவும் உயர்ந்தார். ஜார்ஜ் கோட்டையின் உயர்ந்த இருக்கைகளுள் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்தும் அவர் தோடர் உரிமைக்காக எழுதினார். பதவி உயர்ந்த அக்காலத்திலேயே துன்பமும் வந்து சூழ்ந்தது. 1838ஆம் ஆண்டில் அவர் மனைவியார் ஹென்றியட்டாவும், மகள் ஒருத்தியும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரும் உதகை ஸ்டீபன் திருக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். அக்கோயில் லஷிங்டன் ஆட்சியில் எழுப்பப்பட்டது. அதன் விட்டங்கள் சீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து கொணரப்பட்டவை. தம்மை மலையினின்று விலக்கியவர் கட்டுவித்த கோயிலின் நிழலிலேயே சலிவனின் குடும்பத்தார் துயில்கின்றனர்.

1841ஆம் ஆண்டில் சலிவன் எஞ்சிய மக்களோடு இந்தியாவை விட்டு நீங்கினார். அவர் சென்ற பிறகு, தோடர்க்கு மேய்ச்சல் உரிமையன்றி நில உடைமை இல்லை என்று கம்பெனி இயக்குநர்கள் முடிவு செய்தனர். சலிவனின் வழக்கு தோற்றது. பின்னர் ஒவ்வொரு மந்துக்கும் நாற்பத்தைந்து ஏக்கரளவில் நிலம் ஒதுக்கப்பட்டது. மலை முழுவதும் தமதென்று வாழ்ந்த மக்களுக்கு அது எம்மாத்திரம்?

ஓய்வு பெற்ற நாளிலும் அவர் வாளாவிருக்கவில்லை. இந்திய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைக் கம்பெனி மீறுதல் தகாது என்று 1853ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். நாடுகள் கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்படுந்தோறும் அங்கே தொழில் நலிகிறது, மக்கள் வறுமையுறுகின்றனர், அந்நாட்டுச் செல்வம் இங்கிலாந்துக்குச் சென்று சேர்கிறது என்பது அவர் கருத்து. கம்பெனியின் ஊதியத்தில் வாழ்ந்த ஒருவர் இவ்வாறு கூறத் துணிந்தது பெரிது. 1855ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அவர் காலமானார். இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊர்க் கோயிலில் அவரது கல்லறை இருக்கிறது. அவர் கட்டிய கல் பங்களா உதகை அரசு கலைக் கல்லூரிக்கு உரியதாயிற்று. திம்பட்டியருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு சிதைந்து கிடந்து, பின்னர்ச் செப்பனிடப்பட்டு நினைவகம் ஆயிற்று. 2022ஆம் ஆண்டில் உதகையின் இருநூறாவது ஆண்டு விழாவின்போது அவருக்குச் சிலையும் நிறுவப்பட்டது.

அவர் கொணர்ந்த கிழங்கின் கதை அவரோடு முடியவில்லை. சலிவன் இங்கிலாந்தில் வாழ்ந்த நாளிலேயே, 1845ஆம் ஆண்டு முதல், அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்கைப் பின்பருவக் கருகல் நோய் தாக்கியது. அக்கிழங்கையே நம்பியிருந்த நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். 1870ஆம் ஆண்டுக்கும் 1880ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்நோய் நீலகிரியிலும் தோன்றியது. இந்தியாவில் அது முதலில் காணப்பட்ட இடம் நீலகிரியே. ஈரமும் குளிரும் அந்நோய்க்கும் உகந்தவை. கிழங்கை வாழ்வித்த காற்றே அதன் பகையையும் வாழ்வித்தது. ஆயினும், படகர்கள் சாமையையும் கேழ்வரகையும் முற்றும் கைவிடாதிருந்தமையால் அயர்லாந்தின் கொடுமை இங்கே நேரவில்லை.

20ஆம் நூற்றாண்டில் நீலகிரி உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போய், அங்கிருந்து சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் மூட்டை மூட்டையாகச் சென்றது. உதகையை அடுத்த முத்தோரையில் 1957ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1961ஆம் ஆண்டில் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு ஒன்று நீலகிரி மண்ணில் கண்டுபிடிக்கப்பட்டது. இதுவும் ஆண்டீசு மலையிலே பிறந்தது. கிழங்கோடு கூடவே உலகைச் சுற்றி வந்தது. அதன் முட்டைகள் கடினமான உறைக்குள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனைத் தாங்கி விளையும் குஃப்ரி சுவர்ணா முதலிய வகைகளை ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். உழவருள் பலர் காரட்டுக்கும் தேயிலைக்கும் மாறினர். புழு பிற மாநிலங்களுக்குப் பரவாதிருக்கும்பொருட்டு, நீலகிரியில் விளைந்த உருளைக்கிழங்கை விதைக்காக வெளியே கொண்டு செல்லுதல் 1971ஆம் ஆண்டில் அரசு ஆணையால் தடுக்கப்பட்டது. சமையலுக்கு உரிய கிழங்கு மேட்டுப்பாளையத்திற்கு இறங்கி வந்தது. விதைக்கிழங்கு மலைமேலேயே நின்றது.